கெத்தை, இரவு ஷிப்ட்

மாலை ஆறேகாலுக்கு
சமவெளி முழுக்க ஒன்றாய் சுவிட்ச் போடும்.
ஐம்பதில் நின்ற முள் வழுக்கும்,
நாற்பத்தொன்பது புள்ளி எட்டு. ஏழு.
போன் அடிக்கும்: "கெத்தை, ஏத்துங்க."

நிலக்கரி உலை சூடேறுவதற்குள் விடிந்துவிடும்.
எங்களுக்கு ஒரு வால்வு போதும்.
எமரால்டிலும் அவலாஞ்சியிலும் படுத்துக் கிடந்த தண்ணீர்
குழாயில் தலைகுப்புற இறங்கி
சக்கரத்தின் கிண்ணங்களில் அறையும்.
முள் எழுந்து உட்காரும்.
பதினாறு வருஷமாக இதுதான் என் சோறு.

ஜோவிட்டாவுக்கு மூன்று முடிந்தும் பேச்சு வரவில்லை.
கூப்பிட்டால் திரும்புவாள்,
திரும்புவதற்குள் களைத்துப் போவாள்.
பக்கத்து குவார்ட்டர்ஸ் கிரேஸ் அக்கா
வசம்பு சுட்டுக் கொடுத்தாள்.
மஞ்சூரில் டாக்டர், சில பிள்ளைகள் அப்படித்தான் என்றார்.

கோயம்புத்தூரில் தூங்கவைத்து
மெஷினுக்குள் அனுப்பினோம்.
படத்தில் மூளை நன்றாகத்தான் இருந்தது.
இன்னொரு காகிதத்தில் ஒரு கோடு,
ஏறி இறங்கி, மலை மாதிரி.
டாக்டரம்மா பேனா நுனியை ஓட்டினார்:
"இது ஒரு சிகரம். இது இன்னொண்ணு.
இங்க, நடுவுல, ஒண்ணு நிக்கணும்."
அங்கே தரை கிடந்தது.
எந்த மலை எங்கே என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் நான்.
ஒரு சிகரத்தைக் காணோம் என்று
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கிரியேட்டின் என்றார்.
உடம்பே இரண்டு துணுக்குகளைப் பொருத்திச் செய்துகொள்ளுமாம்,
பொருத்துகிற நொதி இவளுக்கு வாய்க்கவில்லையாம்.
உடம்பு சம்பாதிப்பதில் ஏறக்குறையப் பாதியை
வளர்கிற மூளையே தின்றுவிடும்.
ஒரு வார்த்தையைப் பிடிக்க
லட்சம் செல்கள் ஒரே நொடியில் சுவிட்ச் போடும்,
அந்த நொடிக்கு எரித்துக் கொண்டுவர நேரமில்லை,
பக்கத்திலேயே தேக்கியிருக்க வேண்டும்.
"புரியுதா?"
அமலி என்னைப் பார்த்தாள்.
எனக்குப் புரியாமல் வேறு யாருக்கு?
பவர்ஹவுஸ் இருக்கிறது, சக்கரம் இருக்கிறது,
மேலே அணை இல்லை.

பிறகு, எழுதிக்கொண்டே, கேட்டார்:
"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"
அமலி என் அத்தை மகள்.
முள்ளி வழியாக பஸ்ஸில் ஏறி வந்தோம்,
நாற்பத்துமூன்று கொண்டை ஊசி.
அன்றைக்கு அத்தனையையும் எண்ணினேன்.

ஊட்டியில் அந்த டப்பாவின் மேல்
சட்டை இல்லாத ஒருவன் புஜத்தைக் காட்டிக்கொண்டு நின்றான்.
கடைப்பையன் என் தொப்பையைப் பார்த்து
"எந்த ஜிம்ணா?" என்றான்.
பாப்பாவுக்கு என்றேன்.
பாக்கிச் சில்லறையை
இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தான்.

பொன் நிறுக்கிற தராசு ஒன்று வாங்கினோம்.
டாக்டரம்மா எழுதித் தந்த கணக்கு,
மூன்று வேளை.
வெந்நீரிலும் முழுதாகக் கரையாது,
டம்ளர் அடியில் ஆற்று மணலாய்த் தங்கும்.
அமலி விரலால் வழித்து நாக்கில் வைப்பாள்.

முதல் மாதம் ஒன்றுமில்லை.
ஒரு மழையில் எந்த அணை நிரம்பியிருக்கிறது?
நாலாவது மாதம் ஸ்பூனைப் பிடுங்கினாள்.
அதைத் தூக்கியும் எறிந்தாள். தூரமாக.
எட்டாவது மாதம் மறுபடி மெஷின்.
தரை கிடந்த இடத்தில் ஒரு மேடு.
சிகரம் என்று சொல்ல மாட்டேன்,
தேயிலை போடலாம், அவ்வளவு.
அந்தக் காகிதத்தை மடிக்காமல்
மடியில் விரித்தபடியே
மலையேறினாள் அமலி.

ஐப்பசியில் மரம் சாய்ந்து லைன் அறுந்தது.
பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸில் இருட்டு, ஊரே சிரிக்கும்.
தீப்பெட்டிக்குத் துழாவினேன்.
என் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு குரல்:
"போச்சு."

அமலி என் கையை அமுக்கினாள்,
தீப்பெட்டி வேண்டாம் என்கிற அமுக்கல்.
"இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு."
மழை.
ஓட்டில் மழை, வெகுநேரம்.

கரண்ட் வந்தது.
பல்பைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.
அதற்கான சொல்
இன்னும் வரவில்லை.